அம்மாவை வெளியில் எடுக்க வந்தவர்கள்

கதவு தட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எங்கள் வயதுக்காரரைத்தான் கேட்கிறேன். பத்து வயதுக்குள் ஊரில் இருந்து கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவின் உயரமான கட்டடங்களில் வளர்ந்து, இப்போது ஸ்ரௌவ்வில், விட்பி என்று வீடு வாங்கிப் போய், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு திரிகிறவர்களை. நான் இன்றைக்கும் உடனே திறப்பதில்லை. பார்சல்காரன் பெட்டியை வைத்துவிட்டுப் போகிற காலடிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அசைவேன். என் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு இதுவரை சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

பதினோராம் மாடியில் இரண்டு அறை வீடு. அம்மா, நான், அம்மாவின் தமையன் ஆகிய மூன்று பேர். மாமா முதலில் வந்தவர். அவர்தான் எங்களைக் கூப்பிட்டார். அப்பா பின்னால் வருவதாக இருந்தது. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டு நடந்த தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் அப்பாவும் சனத்தோடு சனமாக நடந்திருக்கிறார். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது காய்ச்சல் வந்ததாம். செய்தி மூன்று கிழமை பிந்தி ரெலிபோனில் வந்தது. செத்தவீடு இல்லை, உடல் இல்லை, எரித்த இடமும் தெரியாது. ரெலிபோனைக் கீழே வைத்த கையோடு அம்மா பொட்டை அழித்தார். அழவில்லை.

அதற்குப் பிறகு அம்மா ஒரு சாம்பல் நிறச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டார். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். விடிய எழும்பி, கேக் செய்கிற தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற வானில் போய், பெட்டி அடுக்கிவிட்டு இரண்டு மணிக்கு வருவார். வந்ததும் பால்கனிக் கதவைத் திறந்து அங்கே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பார். மார்கழிக் குளிரிலும் இருப்பார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், ஆனால் பார்வை என்னில் நிற்காது.

ஒருநாள் நான் பின்னால் போய் நின்றபோது அம்மா கதிரையில் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிக்கால் நிலத்தில் முட்டாமல், கீழே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் குதிக்காலை இறக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாளில் இருந்து பள்ளி விட்டதும் ஓடத் தொடங்கினேன். முன்வாசலுக்குப் போகமாட்டேன். கட்டடத்தின் பின்பக்கமாகப் போய், கீழிருந்து மாடிகளை எண்ணி, பதினோராவது பால்கனியில் சாம்பல் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் கீழே, குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், பனி கிடக்கிற இடத்தைப் பார்ப்பேன். இரண்டையும் பார்த்த பிறகுதான் உள்ளே போவேன். ஒரு வருசத்துக்கு மேல் இப்படி. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வேலை செய்தார். ஊரில் ஒரு வருசம் தடுப்பு முகாமில் இருந்தவர். அதைப் பற்றிக் கதைக்கமாட்டார். கதவுக்கு ஒரு பூட்டு இருந்த இடத்தில் மூன்று போட்டிருந்தார். யார் தட்டினாலும் திறக்காதே, போகாமல் நின்றால் பொலிசுக்கு ஒன்பது-ஒன்று-ஒன்றை அமத்து என்று எனக்குச் சொல்லித் தந்து, அந்த மூன்று இலக்கத்தையும் சிவப்புப் பேனையால் எழுதி ரெலிபோனுக்கு மேலே ஒட்டியிருந்தார். அம்மாவைப் பற்றியும் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு வருசத்துக்கு அம்மா கோயிலுக்குப் போகக்கூடாது, ஒரு விசேசத்துக்கும் போகக்கூடாது. அந்த வருசம் முடிந்து திவசமும் கொடுத்தார்கள். ஐயர் போனார். அம்மா திரும்பவும் பால்கனிக்குப் போய் இருந்தார். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று மாமாவுக்கும் தெரியவில்லை.

அந்த மாரியில்தான் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள்.

ஆங்கிலம் குறைவான பிள்ளைகளைத் தனியாக இருத்திப் படிப்பிக்கிற அறையில் அவள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். எங்கள் கட்டடத்திலேயே நாலாம் மாடி. தாய்வானில் இருந்து வந்தவள். நான் அவளைச் சைனீஸ் என்று சொன்னேன். அவள் கொப்பியில் ஒரு தீவை வரைந்து, கிழக்குக் கரையில் பென்சிலை ஊன்றி, தாங்கள் பூயுமா என்றாள். சைனாக்காரர் பிறகு வந்தவையாம், அவர்களுக்கு முன் யப்பான்காரராம், எல்லாருக்கும் முன்னமே இருந்தது தாங்களாம். அவளுக்கு வீட்டில் ஒரு பெயர், அங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் சைனீஸில் ஒரு பெயர், இங்கே ரீச்சர் வெட்டிச் சுருக்கின மூன்றாவது பெயர். எனக்கும் ரீச்சர் பெயரை வெட்டியிருந்தார். அதில் நாங்கள் சிநேகமானோம்.

அவளுடைய தகப்பன் கட்டையான, தோள் அகன்ற மனிதர். வாய் எப்போதும் சிவந்திருக்கும். முதல்முறை லிஃப்ற்றில் கண்டபோது இரத்தம் என்று பயந்தேன், பிறகு மணத்தில் தெரிந்தது, வெற்றிலை பாக்கு. ஊரில் அவர்களுடைய ஆட்களும் போடுவார்களாம். பிளாசாவில் இருக்கிற எங்கள் தமிழ்க் கடைக்கு அதற்காகவே வருவார். கடைக்காரரோடு கையாலும் தலையாலும் கதைத்து, பாக்கை மணந்து பார்த்து, சரியில்லை என்று முகத்தைச் சுளித்து, ஆனாலும் வாங்கிக்கொண்டு போவார். அவரைப் பற்றி அவள் எனக்கு ஒரு இரகசியம் சொல்லியிருந்தாள். கப்பலில் வேலைக்கு வந்து, ஹாலிஃபக்ஸில் இறங்கி, திரும்பி ஏறாதவர். பேப்பர் ஒன்றும் இல்லை. பொலிஸ் கண்டால் பிடித்துக்கொண்டு போய்விடும். யாருக்கும் சொல்லாதே என்றாள். நான் சத்தியம் பண்ணினேன்.

மாமாவுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. கடையில் யாரோ சொன்னார்களாம், அந்தக் காலத்தில் தலை வெட்டின சனமாம் அவர்கள். மாமா அதைச் சாப்பிடும்போது சொன்னார். அந்த மனிசன் தங்கள் பால்கனியில் ஒரு நீளக் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றதைத் தான் கீழிருந்து கண்டதாகவும் சொன்னார். என்னைப் பள்ளியில் பெடியன்கள் உங்கடை ஆக்கள் குண்டு வைக்கிற ஆக்களோ என்று கேட்டு அழப்பண்ணினது அதே மாதம்தான். ஆனால் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற புத்தி மாமாவுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. எனக்கு அன்றில் இருந்து அவள் தகப்பனைக் கண்டால் கழுத்துக் கூசும்.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. பேஸ்மென்றில் உடுப்புத் தோய்க்கிற அறை. அம்மாவும் நானும் மெசினுக்கு முன்னால் இருந்தோம். சிநேகிதியும் தாயும் கூடையோடு வந்தார்கள். தாய் உருண்டை முகம், பலத்துச் சிரிப்பார். அன்றைக்கு அம்மாவைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்தில் வந்து இருந்தார். தன் பையில் இருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். தினைமா அவித்து இலையில் சுற்றினது. அம்மா பிரித்து, விரலால் நசித்துப் பார்த்து, "தினை" என்றார். அந்தக் கிழமை அம்மா தானாகச் சொன்ன முதல் சொல் அதுதான்.

பிறகு தாய் ஏதோ கேட்டார். தாய் தங்கள் மொழியில் சொல்ல, சிநேகிதி எனக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல, நான் எனக்கு விளங்கினதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். இரண்டு பிள்ளைகளுக்கும் பாதி ஆங்கிலம்தான். வழியில் எவ்வளவு சிந்தியிருக்கும் என்று நீங்களே பாருங்கள். கேள்வி இதுதான்: உங்களை வெளியில் எடுக்க ஆர் வருவினம்?

அம்மா விளங்காமல் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒருத்தரும் வரமாட்டினம். இது இப்பிடித்தான். சாகுமட்டும்."

நான் அதைச் சொன்னேன், சிநேகிதி அதைச் சொன்னாள். தாய் திரும்பத் திரும்பக் கேட்டார், ஒருவருமே இல்லையா என்று. மெசின் நின்றபிறகும் அவர் எழும்பவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். சிநேகிதி அதில் ஒரு துண்டை மட்டும் எனக்குத் தந்தாள். வருசத்தின் முதல் நாள் என் அப்பாவும் மற்ற ஆம்பிளைகளும் வந்து உன் அம்மாவை வெளியில் எடுப்பார்கள்.

அதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஆம்பிளைகள் வீட்டுக்கு வந்து ஆளை வெளியில் எடுப்பது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஊரில் பக்கத்து வீட்டு அண்ணாவை அப்படித்தான் எடுத்தார்கள். துவக்குப் பிடியால் கதவில் இடித்து, வெளியில் எடுத்து, சந்தியில் முழங்காலில் இருத்தி, பிறகு ட்றக்கில் ஏற்றினார்கள். அவருடைய ஒற்றைச் செருப்பு ஒழுங்கையில் இரண்டு நாள் கிடந்தது. எனக்கு அப்போது ஏழு வயது.

பள்ளியில் சிநேகிதியை மறைவாகக் கேட்டேன், எங்கே கொண்டு போவார்கள் என்று. வெளியே என்றாள். அம்மா வரமாட்டேன் என்றால்? அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள், வரும்வரைக்கும் அவர்கள் போகமாட்டார்கள் என்று. கத்தி கொண்டுவருவார்களா என்று கேட்டேன். ஓம், அது உடுப்போடு சேர்ந்தது என்றாள். அவள் முகத்தில் சந்தோசம் இருந்தது. அந்தச் சந்தோசம்தான் என்னை மிகவும் பயப்படுத்தியது.

மாமாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளோடு பழகவிடமாட்டார். எனக்கு அவளை விட்டால் ஒருவரும் இல்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், வரட்டும் என்று அம்மா சொல்லிவிடுவார் என்று பயந்தேன். எங்கேயாவது போய்த் தொலைந்தால் காணும் என்கிற முகம்தானே அப்போது அவருக்கு. ஆகையால் நானே ஆயத்தம் செய்தேன். அம்மாவின் பனிச்சப்பாத்தை எடுத்து என் கட்டிலுக்குக் கீழே ஒளித்தேன். சப்பாத்து இல்லாமல் பனியில் கொண்டுபோக ஏலாது என்பது என் கணக்கு. பின்னேரங்களில் கதவுக்கு அண்டையாகக் கதிரையை இழுத்து வைத்தேன். மாமா வந்து அதில் இடறி, என்ன பிள்ளை இது என்று ஏசினார். நத்தார் விடுமுறை முழுக்க இரவில் கட்டிலில் மூத்திரம் போனேன், பதினொரு வயதில்.

வருசத்தின் முதல் நாள் வந்தது. மாமா பெற்றோல் ஸ்ரேசனுக்கு வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் இரண்டு மணி இருக்கும், வெளியே நல்ல வெயில், பனியில் பட்டுக் கண் கூசியது. அம்மா அறையில் படுத்திருந்தார். நான் ரீவியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு, கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தட்டினார்கள். மூன்று தட்டு, பலமாக. பிறகு பாட்டு.

அப்படி ஒரு பாட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆம்பிளைக் குரல்கள், அடிவயிற்றில் இருந்து, ஒருவர் தொடங்க மற்றவர்கள் பின்னால் நீளமாக இழுத்தார்கள். கொரிடோர் முழுக்க நிறைந்து, கதவின் கீழ் இடுக்கால் வீட்டுக்குள் வந்தது. நான் கதிரையில் ஏறிக் கதவின் ஓட்டையால் பார்த்தேன். மூன்று ஆம்பிளைகள். சிவப்பும் நீலமுமாக உடுப்பு, தலையில் பூ வளையம். முன்னால் நின்றவர் சிநேகிதியின் தகப்பன். அவருடைய இடுப்பில் கத்தி.

இறங்கி ரெலிபோனுக்கு ஓடினேன். மூன்று இலக்கத்தையும் அமத்தினேன். ஒரு பொம்பிளை கேட்டாள், நான் குசுகுசுத்தேன். ஆம்பிளைகள், கத்தி வைத்திருக்கிறார்கள், என் அம்மாவைக் கொண்டுபோக வந்திருக்கிறார்கள். அவள் தொடர்ந்து கதைக்கச் சொன்னாள். ஆனால் அதற்குள் அறைக்கதவு திறந்த சத்தம் கேட்டு, ரெலிபோனை வைத்துவிட்டேன்.

அம்மா சால்வையோடு வந்து நின்றார். இது என்ன பாட்டு என்று கேட்டார். திறவாதேங்கோ அம்மா, திறவாதேங்கோ என்று அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். அம்மா கதவுக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னை மெல்ல விலக்கி, கதிரையைத் தள்ளி, மூன்று பூட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்.

ஆம்பிளைகளுக்கு முன்னால் சிநேகிதியின் தாய் நின்றார், பக்கத்தில் சிநேகிதி. தாயின் கையில் இன்னொரு பூ வளையம். சுப்பர்மார்க்கெற்றில் விற்கிற சிவப்பு, மஞ்சள் பூக்களும், யாரோ நத்தார் முடிந்து எறிந்த மரத்தில் முறித்த பச்சைக் கொத்துமாகக் கட்டியிருந்தது. பாட்டு நிற்கவில்லை. தாய் பூவோடு கையை உயர்த்தினார். அம்மா பின்னால் எட்டு வைத்தார்.

"எனக்குப் பூ வைக்கக்கூடாது. சொல்லு பிள்ளை, எனக்குக் கூடாதெண்டு சொல்லு."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தாய்க்கு அது விளங்கியிருக்க வேண்டும். காத்துக்கொண்டு நின்றார், அவசரப்படவில்லை. பிறகு மற்றக் கையை நீட்டி, அம்மாவின் தலையில் இருந்து சால்வையை இழுத்தார். ஒரு வருசமாக நான் பார்க்காத தலைமயிர். முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது. அந்த நரையில் பூ வளையத்தை வைத்தார்.

அம்மா அழுதார். செய்தி வந்த நாளில் இருந்து அழாத அழுகை. வாயைத் திறந்து, குரலெடுத்து, அப்பாவின் பெயரைச் சொல்லி அழுதார். கொரிடோரில் கதவுகள் திறந்தன. ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பாடினவர்கள் அந்த அழுகைக்குப் பயப்படவில்லை, பாட்டைக் கொஞ்சம் தணித்து அதற்கு இடம் விட்டார்கள். பிறகு தாய் ஒரு கையையும் தகப்பன் மற்றக் கையையும் பிடித்து, அம்மாவை வாசற்படியைத் தாண்டிக் கொரிடோருக்கு நடத்தினார்கள். எல்லாரும் கைகோத்துக்கொண்டார்கள். வலப்பக்கம் இரண்டு அடி, பின்னால் ஒரு அடி. அம்மா காலில் சொக்ஸோடு, விம்மிக்கொண்டு, அந்த அடியை வைத்தார்.

அதுவரை இருந்த பயம் என்னை விட்டுப் போனதும், இன்னொன்று வந்ததும் ஒரே நேரத்தில்தான். இவர்கள் அம்மாவை எங்கும் கொண்டு போகவில்லை. பொலிஸ் வந்துகொண்டிருக்கிறது. தகப்பனுக்குப் பேப்பர் இல்லை.

நான் சொல்லியிருக்கலாம். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ரெலிபோன் எடுத்தது பிள்ளையின் பயம் என்று யாரும் மன்னித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஐந்து நிமிசமோ ஏழு நிமிசமோ இருந்தது. படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. சிநேகிதியின் காதுக்குள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மனிதர் இறங்கிப் போயிருப்பார். எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே, அம்மா பார்ப்பாரே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. சிநேகிதி என்னைப் பார்த்துச் சிரித்து, வா என்று கையை நீட்டினாள். நான் போய் அவள் கையைப் பிடித்தேன். லிஃப்ற்றுக்கு மேலே இலக்கங்கள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நானும் அந்த அடியை வைத்தேன்.

இரண்டு பொலிஸ்காரர். ஒருவர் இளம் பொம்பிளை. கத்தியைக் கண்டதும் அவர்களுடைய கை இடுப்புக்குப் போனது. சத்தம் போட்டார்கள். பாட்டு நின்றது. தகப்பன் மெதுவாகக் கத்தியை உறையோடு கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக் கையை உயர்த்தினார். மற்ற இருவரும் அப்படியே. அம்மா இடையில் போய் நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் சொன்னார். நோ. பிரெண்ட். பிளவர். தலையில் இருந்த பூவைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பொலிஸ்காரர் தணிந்தார்கள். ஒன்றுமில்லை என்று அவர்களுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் வந்த இடத்தில் பெயரும் அடையாளமும் கேட்பது அவர்களுடைய வழமை. இருவரிடம் அட்டை இருந்தது. தகப்பனிடம் இல்லை. ரேடியோவில் கதைத்தார்கள், நீண்ட நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது பொலிஸ்காரர் யார் கூப்பிட்டது என்று கேட்டு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கிழவி, எங்கள் கறி மணத்துக்கு எப்போதும் முறைப்பாடு செய்கிறவள், அவள்தான் கூப்பிட்டிருப்பாள் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். நானும் ஓம் என்றேன்.

மாமா வந்தபோது அம்மா பூவோடு இருந்தார். மாமாவின் முகம் கறுத்தது.

"என்ன கோலம் உது? கழட்டு தங்கச்சி. சனம் என்ன சொல்லும்?"

அம்மா சப்பாத்தைத் தேடினார். நான் கட்டிலுக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தேன். ஏன் அங்கே இருந்தது என்று கேட்கவில்லை. போட்டுக்கொண்டே சொன்னார்: "அண்ணை, அந்தப் பிள்ளையின்ரை தாய் கீழை தனிய இருக்கிறா. நான் போறன்."

லிஃப்ற்றில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் நின்றன. அம்மா பூவோடு ஏறினார். ஒரு அன்ரி தன் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் மொழிபெயர்க்க வேண்டுமென்று அம்மா என்னையும் கூட்டிப் போனார்.

நாலாம் மாடியில்தான் எல்லாம் தெரியவந்தது. அதையும் என் வாயால்தான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுடைய ஊரில் வருசம் முடிகிற நேரம், துக்கம் காக்கிற வீடுகளுக்கு ஆம்பிளைகள் பாடிக்கொண்டு வருவார்களாம். வந்து பூ வைத்து வெளியில் எடுத்தால் அதோடு துக்கம் முடிந்தது. பிறகு அந்த ஆள் சந்தைக்குப் போகலாம், ஆடலாம், சிரிக்கலாம், ஒருவரும் குறை சொல்ல ஏலாது. தானாக வெளியே வர யாராலும் முடியாது, வந்து எடுக்கத்தான் வேண்டும். தாயினுடைய தகப்பன் செத்த வருசம் ஊரில் பெடியன்கள் இல்லையாம். பாதிப் பேர் கப்பலில், மிச்சம் பட்டணத்தில் கட்டட வேலை. சேர்ச்சில் அது வேண்டாம் என்றும் சிலர் சொன்னார்களாம். கடைசியில் நடக்கமாட்டாத இரண்டு கிழவர்கள் மட்டும் வந்து பாடினார்களாம். இங்கே மூன்று பேர். அதில் ஒருவர் தங்கள் ஆளே இல்லை, பக்கத்து இனத்தவர், பாட்டை ஒரு கிழமை இருந்து பழகினவர். பொம்பிளைகள் கூட வருவது அங்கே வழக்கம் இல்லை. ஆள் காணாது, அதனால் நானும் வந்தேன் என்றார். சொல்லிவிட்டு அழுதார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மா பால்கனிக்குப் போகவில்லை. நேரம் இருக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் அந்தத் தாயோடு இரண்டு பஸ் மாறி விமான நிலையப் பக்கம் இருந்த தடுப்பு மையத்துக்குப் போனார். சட்டத்தரணி வீட்டுக்குப் போனார். மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சாட்சிக் கடிதம் எழுதுவித்தார். முகாமில் இருந்த மனிதர் அல்லவா, தடுப்பில் இருக்கிற ஆளைக் கண்டபிறகு மாமா கடிதத்தை இரண்டு முறை திருத்தி எழுதினார். ஒன்றும் பலிக்கவில்லை. மாசி மாதம் தகப்பனைத் தாய்வானுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பங்குனியில் தாயும் மகளும் போனார்கள். அவர்களை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டு அம்மா நாலாம் மாடிக்கு இறங்கியபோது நான் வயிற்றுநோ என்று படுத்திருந்தேன். சிநேகிதி மேலே வந்து கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போன காலடி கேட்டது.

அம்மா அடுத்த வருசம் நிறச்சேலை உடுத்தார். பொட்டு வைத்தார். கலியாண வீடுகளில் முன்வரிசையில் இருந்தார். கதைத்த சனம் கதைத்துக் களைத்தது. இப்போது அறுபத்தைந்து வயது, விட்பியில் என்னோடுதான் இருக்கிறார்.

போன மாரியில் ஒருநாள் இருவரும் சமைத்துக்கொண்டிருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஏழு நிமிசத்தையும் சேர்த்து. அம்மா அடுப்பை நிற்பாட்டினார். திகைத்ததாகத் தெரியவில்லை, முன்னமே தெரியுமா என்று கேட்க எனக்குத் துணிவும் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பிள்ளைக்குச் சொன்னியோ?"

"இல்லை."

"அப்ப எனக்குச் சொல்லி என்ன?"

அவளை இணையத்தில் கண்டுபிடிக்க இரண்டு மாதம் எடுத்தது. மூன்றாவது பெயர் பயன்படவில்லை, முதலாவதான வீட்டுப் பெயரில்தான் இருந்தாள். ஊரில் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழி படிப்பிக்கிறாளாம். எழுதினேன். ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் வந்தது. தாய் செத்துவிட்டார். தகப்பன் இருக்கிறார், கப்பலுக்குத் திரும்பிப் போகவில்லை, காது கொஞ்சம் மந்தம். என்னைத் திட்டியும் எழுதவில்லை, பரவாயில்லை என்றும் எழுதவில்லை. கடைசி வரி இதுதான்: அப்பாவுக்கு நான் சொல்லமாட்டேன், நீ வந்து நீயே சொல்லு.

மார்கழி கடைசிக்கு ரிக்கெற் எடுத்திருக்கிறேன். அம்மா தானும் வருகிறேன் என்று பாஸ்போட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதருக்கு முன்னால் இருந்து, எந்த மொழியில், எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.